ஐடியலிஸ்ட் வேலைத்தளம்: பொதுநலப் பணியைத் தொழிலாக ஏற்க விரும்புவோருக்கு எந்த அளவுக்குப் பயன்படும்?

லாப நோக்கற்ற அமைப்புகளில் வேலை தேடத் தொடங்குகிறவர்கள் முதலில் கேள்விப்படும் பெயர்களில் ஒன்று ஐடியலிஸ்ட். இணையம் பொதுமக்களுக்குப் புதிதாக இருந்த 1990-களின் நடுப்பகுதியில் அமி டார் என்பவர் தொடங்கிய இந்தத் தளம் நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. இதை நடத்துவதும் ஒரு லாப நோக்கற்ற அமைப்புதான். வேலைகள், பயிற்சிப் பணிகள், தன்னார்வப் பணிகள், அவற்றை அறிவிக்கும் அமைப்புகளின் விவரங்கள் ஆகியவை இதில் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. தேடுகிறவர் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. வேலை அறிவிப்பை வெளியிடும் அமைப்புதான் கட்டணம் செலுத்துகிறது. தளத்தின் பலமும் பலவீனமும் பெரும்பாலும் இந்த ஓர் ஏற்பாட்டிலிருந்தே வருகின்றன என்பது என் கருத்து. வேலை தேடியபோதும், பின்னர் ஆள் தேர்வு செய்யும் குழுவில் அமர்ந்தபோதும் இதைப் பயன்படுத்தியிருக்கிறேன். இந்த மதிப்புரையில் இரண்டு வகைப் பணிகளை மட்டுமே கருத்தில் கொள்கிறேன்: சட்டத்தையும் கொள்கையையும் மாற்ற முயலும் பரப்புரைப் பணி ஒன்று, பாதிக்கப்பட்ட மக்களை அவர்களுடைய கோரிக்கைக்காக அமைப்பாகத் திரட்டும் பணி மற்றொன்று.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொள்கை ஆய்வு, சட்ட உதவி, ஊடகத் தொடர்பு, நிதி திரட்டல் போன்ற பணிகளைத் தேடுகிறவருக்கு இந்தத் தளத்தைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. மக்களைத் திரட்டும் அமைப்பாளராக விரும்புகிறவருக்கு இது துறையைக் கற்றுக்கொள்ள மிகவும் உதவும். ஆனால் அந்த வேலைக்குள் நுழையும் வழியாக இதை மட்டும் நம்பியிருப்பது போதாது. அவர் வேலைப் பகுதியைவிடத் தன்னார்வப் பகுதியில் அதிக நேரம் செலவிடுவது நல்லது என்று பரிந்துரைக்கிறேன்.

தேடல் வசதி நன்றாக அமைந்திருக்கிறது. பிரச்சினை, பணியின் தன்மை, அனுபவ நிலை, நேரில் வர வேண்டிய பணியா தொலைவிலிருந்து செய்யக்கூடியதா என்று பலவாறு வடிகட்டலாம். தேடலைச் சேமித்து வைத்தால் புதிய அறிவிப்புகள் மின்னஞ்சலுக்கே வந்துவிடும். இவையெல்லாம் மற்ற வேலைத்தளங்களிலும் உள்ளவைதான். ஐடியலிஸ்ட் அவற்றிலிருந்து வேறுபடுவது அமைப்புகளுக்கான தனிப் பக்கங்களில்தான். ஓர் அறிவிப்பைப் படித்ததும் அதே அமைப்பு வேறு என்ன பணிகளுக்கு ஆள் தேடுகிறது, தன்னார்வலர்களுக்கு என்ன வேலை தருகிறது, தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்பதையெல்லாம் அங்கிருந்தே பார்க்க முடிகிறது. குடியிருப்போர் உரிமைக்காகப் பாடுபடுவதாகக் கூறும் ஓர் அமைப்பு நன்கொடையாளர் தொடர்புக்கு மூன்று பேரையும் களத்துக்கு ஒருவரையும் தேடினால், அதன் சக்தி இப்போது எங்கே செலவாகிறது என்பதை விண்ணப்பிப்பதற்கு முன்பே ஓரளவு ஊகிக்கலாம். இந்த வசதியைப் பயன்படுத்தாமல் அறிவிப்புகளை மட்டும் வரிசையாகப் பார்த்துச் செல்கிறவர்கள் தளத்தின் சிறந்த பகுதியைத் தவறவிடுகிறார்கள்.

புதியவர்களைக் குழப்புவது பதவிப் பெயர்கள். தேடல் பெட்டியில் அமைப்பாளர் என்பதற்கான ஆங்கிலச் சொல்லை இட்டால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல வேலைகள் ஒரே பட்டியலில் வந்து நிற்கும். ஒன்று, ஒரு பகுதியின் மக்களைச் சந்தித்து, அவர்களுக்குள்ளிருந்தே தலைவர்களை உருவாக்கி, முடிவுகளை அவர்களே எடுக்கும்படி செய்யும் உண்மையான அமைப்பாக்கப் பணி. இன்னொன்று, அமைப்பின் சேவைகளைப் பற்றி மக்களுக்கு எடுத்துச் சொல்லும் தொடர்புப் பணி. மற்றொன்று, அமைப்பு முன்பே முடிவு செய்துவிட்ட கோரிக்கைக்குக் கையெழுத்தும் கூட்டமும் சேர்க்கும் பரப்புரைப் பணி. மூன்றும் மதிக்கத்தக்க வேலைகளே. ஆனால் முதலாவதை எதிர்பார்த்துச் சேர்ந்து மூன்றாவதைச் செய்ய நேர்கிறவர் ஓராண்டுக்குள் மனம் சலித்து விலகிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இந்த வேறுபாட்டைத் தளம் காட்டித் தருவதில்லை. படிக்கிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு, அமைப்பாளர் பணிக்கான அறிவிப்பு ஒன்றை நான் படிக்கும் முறையைச் சொல்கிறேன். பணிகளின் பட்டியலில் தனிநபர் சந்திப்புகள் இடம்பெறுகின்றனவா என்று முதலில் பார்ப்பேன். வாரத்துக்கு இத்தனை சந்திப்புகள் என்று எழுதியிருந்தால் அந்த அமைப்புக்குத் தன் வேலை தெரிந்திருக்கிறது என்று கொள்ளலாம். அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோ ஒருவர் எதிரே அமர்ந்து, படிவமோ கருத்துக்கணிப்போ இல்லாமல், அவரை உறங்கவிடாமல் செய்வது எது, அவர் யாருக்காகத் துணிந்து பேசுவார், அவர் பேச்சைக் கேட்கிறவர்கள் யார் என்பதையெல்லாம் அறிந்துகொள்வதே அந்தச் சந்திப்பு; அமைப்பாளரின் தொழிலில் மற்றவை அனைத்தும் அதன்மீதுதான் நிற்கின்றன. அடுத்து, அறிவிப்பில் உறுப்பினர்கள் என்ற சொல் வருகிறதா, பயனாளிகள் என்ற சொல் வருகிறதா என்று பார்ப்பேன். உறுப்பினர்கள் சந்தா செலுத்துகிறார்களா, நிர்வாகக் குழுவில் அவர்களுக்கு இடம் உண்டா என்பது எழுதப்பட்டிருந்தால் இன்னும் நல்லது. பிறகு வேலை நேரம். மக்கள் வேலையிலிருந்து வீடு திரும்பிய பிறகுதான் அமைப்பாளரால் அவர்களைச் சந்திக்க முடியும் என்பதால் மாலையும் வார இறுதியும் வேலை இருக்கும் என்று நேர்மையாகச் சொல்லும் அறிவிப்பை நம்பலாம். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை என்று மட்டும் எழுதியிருந்தால், மேசை வேலைதான் அதிகம் என்று பொருள், அல்லது கூடுதல் நேரத்தைப் பற்றிப் பேச விருப்பமில்லை என்று பொருள். கடைசியாக, அந்தப் பதவிக்கான நிதி எத்தனை காலத்துக்கு உறுதியாகியிருக்கிறது என்று தேடுவேன். இந்தத் தகவலை மிகச் சில அறிவிப்புகளே தருகின்றன.

வீடு வீடாகச் சென்று ஆதரவும் நன்கொடையும் கேட்கும் கேன்வாஸ் பணிகளுக்கான அறிவிப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அனுபவம் தேவையில்லை, உடனடியாகச் சேரலாம், சுற்றுச்சூழலைக் காக்கலாம் என்று அழைக்கும் இவை, படிப்பை முடித்த இளைஞர்களின் கண்ணில்தான் முதலில் படும். கதவைத் தட்டி, முன்பின் தெரியாத ஒருவரிடம் இரண்டு நிமிடத்தில் ஒரு பிரச்சினையை விளக்கி, மறுப்பைக் கேட்டுக்கொண்டு, அடுத்த கதவுக்கு அதே முகமலர்ச்சியோடு நகரும் பயிற்சி வேறெங்கும் கிடைக்காது. அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் இத்தகைய பணிகள் பலவற்றில் ஒரு நாளைக்கு இவ்வளவு நன்கொடை திரட்ட வேண்டும் என்ற இலக்கு உண்டு. அதைத் தொடர்ந்து எட்டாதவர் வேலையில் நீடிப்பது கடினம். இலக்கு எவ்வளவு, அதை எட்டாவிட்டால் என்ன நடக்கும், ஊதியத்தில் நிலையான பகுதி எவ்வளவு, பிரச்சினையைப் பற்றிய பயிற்சிக்கு எத்தனை நாள் ஒதுக்கப்படுகிறது என்ற கேள்விகளுக்கு அறிவிப்பில் விடை இல்லையென்றால் நேர்காணலில் கேட்டே ஆக வேண்டும். ஒரு கோடைப் பருவத்துக்கு இதைச் செய்வது நல்ல அனுபவமாக அமையலாம். பல ஆண்டுகளுக்கான வாழ்க்கைத் திட்டமாக இதை எண்ணிச் சேர்வதற்குமுன் நன்றாக யோசிக்க வேண்டும்.

அமைப்பாளர் வேலைக்கு விளம்பரம் மட்டும் ஏன் போதாது என்பதற்கு இந்தத் துறையின் வரலாறே சான்று. அமெரிக்க அமைப்பாளர் சால் அலின்ஸ்கி 1940-இல் சிகாகோவில் நிறுவிய, மக்களைத் திரட்டும் பணிக்கான இண்டஸ்ட்ரியல் ஏரியாஸ் ஃபவுண்டேஷனின் ஆதரவோடு ஃபிரெட் ராஸ் என்பவர் கலிஃபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளியினரிடையே பணியாற்றிவந்தார். சிலருடைய வீடுகளில் சிறு கூட்டங்களை நடத்தி, அங்கே வந்தவர்களில் யார் அடுத்த கூட்டத்துக்கு மற்றவர்களை அழைத்துவருகிறார் என்று கவனிப்பது அவருடைய முறை. 1952-இல் சான் ஹோசே நகரில் அவர் அப்படித்தான் சீசர் சாவேஸைக் கண்டுபிடித்தார். சாவேஸ் முதலில் அவரைச் சந்திப்பதையே தவிர்த்தார். டோலோரஸ் ஹுவெர்ட்டாவையும் சில ஆண்டுகளுக்குப் பிறகு ராஸ்தான் இந்தப் பணிக்குள் கொண்டுவந்தார். அந்த இருவரும் 1962-இல் தொடங்கிய விவசாயத் தொழிலாளர் சங்கம், 1965-இல் ஃபிலிப்பினோ தொழிலாளர்கள் ஆரம்பித்த திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தில் இணைந்து, ஐந்து ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1970-இல் தோட்ட உரிமையாளர்களிடமிருந்து ஒப்பந்தங்களை வென்றது. சாவேஸின் பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. இன்றைய அறிவிப்புகளில் பட்டம் கட்டாயம் என்று குறிக்கும் அமைப்புகள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். கல்வித் தகுதியைப் பூர்த்தி செய்யாததால் தயங்கும் விண்ணப்பதாரர்களும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆள் தேர்வுக் குழுவில் இருந்தபோது எனக்குத் தெளிவானதும் இதுவே. தளத்தின் வழியாக விண்ணப்பிப்பது எளிது என்பதால் விண்ணப்பங்கள் ஏராளமாக வரும். அவற்றில் பெரும்பாலானவை அமைப்பின் பெயரை மட்டும் மாற்றி அனுப்பப்பட்ட ஒரே கடிதமாக இருக்கும். மனதில் நின்ற கடிதம் ஒன்றைச் சொல்கிறேன். அதை எழுதியவருக்கு எந்த அமைப்பிலும் பணியாற்றிய அனுபவம் இல்லை. அவர் வசித்த அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகிக் கிடந்தபோது, மாடி வாரியாக ஒவ்வொரு வீட்டாரின் பெயரையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, யார் உடனே கையெழுத்திட்டார்கள், யார் தயங்கினார்கள், தயங்கியவர்களில் வாடகை பாக்கி வைத்திருந்ததால் உரிமையாளருக்கு அஞ்சியவர்கள் யார் என்று குறித்துவைத்து, அஞ்சியவர்களிடம் கையெழுத்துக் கேட்காமல் வேறு பொறுப்புகளைக் கொடுத்ததாக எழுதியிருந்தார். ஓர் அமைப்பாளர் செய்ய வேண்டியது எதுவோ அதை அவர் யாரும் கற்பிக்காமலே செய்திருந்தார். நாங்கள் அவரையே தேர்ந்தெடுத்தோம். தளத்தில் உள்ள சுயவிவரப் படிவத்தில் அந்த நோட்டுப் புத்தகத்தை எழுத இடம் கிடையாது. அதனால் விண்ணப்பக் கடிதத்தைப் பொருட்படுத்தாமல் அனுப்பிவிடாதீர்கள் என்று வலியுறுத்திச் சொல்கிறேன்.

இனி, கட்டண ஏற்பாட்டுக்கு வருகிறேன். அறிவிப்புக்கு அமைப்புகள் பணம் செலுத்துவதால் தளத்தில் போலி அறிவிப்புகள் குறைவு. தேடுகிறவருக்குச் செலவும் இல்லை. அதே காரணத்தால், நிறுவனங்களின் நிதிநல்கை பெறும் நடுத்தர, பெரிய அமைப்புகளே அதிகம் தென்படுகின்றன; உறுப்பினர்களின் சிறு பங்களிப்பில் இயங்கும் குழுக்கள் அரிதாகவே வேலைப் பகுதிக்கு வருகின்றன. ராஜஸ்தானில் தேவ்டுங்ரி என்ற சிற்றூரில் ஒரு குடிசையில் தங்கிப் பணியைத் தொடங்கி, 1990-இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பை உருவாக்கிய அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோரை எண்ணிப் பார்க்கலாம். கிராமக் கணக்குகளை மக்கள் முன் உரக்கப் படித்த அவர்களுடைய பொதுவிசாரணைகள் 1994-இல் தொடங்கி, 2005-இல் இந்தியாவில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வருவதற்கு முக்கியக் காரணமாக அமைந்தன. முழுநேர ஊழியர்கள் குறைந்தபட்சக் கூலியை மட்டுமே பெற்றுக்கொள்ளும் அத்தகைய அமைப்பைக் கட்டண விளம்பரங்களின் பட்டியலில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

தன்னார்வப் பணிகளை அறிவிப்பதற்குத் தளம் கட்டணம் வாங்குவதில்லை என்பது இங்கேதான் முக்கியமாகிறது. சிறிய குழுக்கள் அந்தப் பகுதியில் இருக்கின்றன. கூட்டத்துக்கு நாற்காலி போடுவது, தொலைபேசியில் உறுப்பினர்களை அழைப்பது, மொழிபெயர்த்து உதவுவது என்று சாதாரணமாகத் தோன்றும் அழைப்புகளில் நம்பகமான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சில மாதங்கள் தவறாமல் போய்வருகிறவர், அடுத்த முறை அந்தக் குழுவுக்கு நிதி கிடைக்கும்போது முதலில் நினைக்கப்படுவார். ஊதியமில்லாமல் உழைக்க எல்லாருக்கும் வசதி இருக்காது என்பதை நன்கு அறிவேன். வாரத்துக்கு ஒரு மாலை மட்டும் தர முடிகிறவர்கூட அந்த ஒரு மாலையில் உறுதியாக நின்றால் போதும்.

அறிவிப்புகளில் பெரும்பகுதி அமெரிக்காவைச் சேர்ந்தவை என்பதால் அந்நாட்டுச் சட்டம் குறித்துச் சிறிதாவது தெரிந்திருக்க வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவின்கீழ் வரிவிலக்குப் பெறும் அறப்பணி அமைப்புகள் தேர்தல் வேட்பாளர் எவரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ 1954 முதல் தடை உள்ளது. சட்டமியற்றுவோரிடம் கோரிக்கை வைத்துப் பேசுவதற்கு அனுமதி உண்டு, ஆனால் அதற்கு வரம்பும் உண்டு. 1976-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி அந்த வரம்பைச் செலவுத் தொகையின் அடிப்படையில் கணக்கிடும் முறையை அமைப்புகள் விரும்பினால் தேர்ந்தெடுக்கலாம். 501(சி)(4) பிரிவில் வரும் சமூக நல அமைப்புகளுக்கு இதில் சுதந்திரம் அதிகம். அதனால்தான் ஒரே பெயரில், ஒரே அலுவலகத்தில், இரண்டு அமைப்புகள் அருகருகே இயங்குவதைப் பார்க்கிறோம். பரப்புரைப் பணியில் சேர்கிறவர், தன் ஊதியம் எந்த அமைப்பிலிருந்து வருகிறது, தன் நேரத்தை எப்படிப் பிரித்துக் கணக்கு எழுத வேண்டும் என்பதைச் சேரும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. கல்விக்கடன் உள்ளவர்களுக்கு இதில் இன்னொரு காரணமும் அடங்கியிருக்கிறது. 2007-இல் அங்கே உருவான பொதுச்சேவைக் கடன் தள்ளுபடித் திட்டத்தின்படி, அரசிலோ 501(சி)(3) அமைப்பிலோ முழுநேரமாகப் பணியாற்றிக்கொண்டே தகுதியான 120 மாதத் தவணைகளைச் செலுத்தியவருக்குக் கூட்டரசு வழங்கிய கல்விக்கடனில் எஞ்சியது தள்ளுபடியாகிறது. மற்ற வகை அமைப்புகளுக்கு இந்தத் தகுதி நிபந்தனைகளுக்கு உட்பட்டது. பத்தாண்டுக் கணக்கை மாற்றிவிடக்கூடிய இந்த வேறுபாட்டை அறிவிப்பின் மேற்பகுதியிலேயே தளம் காட்டலாம்.

அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு வேலைப் பகுதி குறைவாகவே பயன்படும். தொலைவிலிருந்து செய்யலாம் என்று குறிக்கப்பட்ட பணிகளிலும் அந்நாட்டில் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கிறது. தளம் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் கிடைக்கிறது, தமிழில் இல்லை. சட்டம் படித்தவர்களுக்கு, பொதுநலச் சட்டப் பணிகளுக்கென்றே தனியாக இயங்கும் பிஎஸ்ஜேடி என்ற தளம் இதைவிடப் பொருத்தமானது. தளத்தில் வெளியாகும் வேலை ஆலோசனைக் கட்டுரைகள் சுயவிவரம் எழுதுவதற்கும் நேர்காணலுக்கும் உதவும்; களப்பணியின் சோர்வைப் பற்றியோ, வெற்றி பெறாத போராட்டத்துக்குப் பிறகு மக்களை எப்படி எதிர்கொள்வது என்பதைப் பற்றியோ அறிய விரும்புகிறவர் அனுபவமுள்ள அமைப்பாளர் ஒருவரைத்தான் தேடிச் செல்ல வேண்டும்.

இந்தத் துறையில் வேலை எவ்வளவு நிலையற்றது என்பதை ஐடியலிஸ்ட் தன் அனுபவத்திலேயே கண்டிருக்கிறது. 2008-இல் பொருளாதாரம் சரிந்து, அமைப்புகள் ஆள் எடுப்பதை நிறுத்தியபோது, அறிவிப்புக் கட்டணத்தை நம்பியிருந்த தளத்தின் வருமானமும் சரிந்தது. 2010-இன் தொடக்கத்தில் அமி டார் பயனாளர்களிடம் வெளிப்படையாக உதவி கேட்க, அவர்கள் கொடுத்து அதைக் காப்பாற்றினார்கள். இவ்வாறு பயனாளர்களின் நம்பிக்கையால் பிழைத்த ஒரு தளம், அவர்கள் சார்பாக அமைப்புகளிடம் சில கேள்விகளைக் கட்டாயமாக்க உரிமை பெற்றிருக்கிறது என்றே நினைக்கிறேன். இந்தப் பதவிக்கான நிதி எந்த மாதம் வரை உறுதி, இதற்குமுன் இதில் இருந்தவர் எவ்வளவு காலம் நீடித்தார், அமைப்பாளருக்கு வழிகாட்டும் மூத்தவர் ஒருவர் இருக்கிறாரா என்ற மூன்று வரிகள் ஒவ்வொரு அறிவிப்பிலும் இடம்பெற்றால், இந்தத் தளத்தை எந்தத் தயக்கமும் இல்லாமல் இளைஞர்களுக்குப் பரிந்துரைப்பேன். அதுவரை, அந்த மூன்றையும் நேர்காணலின் முடிவில் நீங்களே கேளுங்கள். நன்றாக நடத்தப்படும் அமைப்பு எதுவும் இக்கேள்விகளால் மனம் கோணாது.